ரத்தத்தோடு இடம் மாறும் சதை

சேத்தியாத்தோப்பில் இரண்டு பெரிய சாலைகள் குறுக்கிடுகின்றன. விக்கிரவாண்டியில் பிரிந்து பண்ருட்டி, வடலூர் வழியாக வந்து கும்பகோணம், தஞ்சாவூர் என்று தெற்கே ஓடுகிற தேசிய நெடுஞ்சாலை ஒன்று; விருத்தாசலத்திலிருந்து புவனகிரி வழியாகச் சிதம்பரம் போகிற சாலை இன்னொன்று. அரவைக் காலம் வந்துவிட்டால் எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் இந்தச் சாலைகளில்தான் வரிசை கட்டும். அவற்றுக்கு நடுவே பிள்ளையை முன்னால் நிற்க வைத்த ஸ்கூட்டர், பால் கேன் கட்டிய மொபெட், நெய்வேலி சுரங்கத்துக்கு ஷிஃப்ட் போகிறவரின் பைக். வண்டி சறுக்கி விழுந்தவர் எழுவதற்குள் பின்னால் வந்த லாரியின் சக்கரம் இடுப்பின் மேல் ஏறி இறங்கிவிட்டால், அறுவை மருத்துவத்துக்குத் தெரிந்த மிகக் கொடுமையான காயங்களில் ஒன்று உருவாகிறது.

சக்கரம் நசுக்க மட்டும் செய்வதில்லை; இழுக்கவும் செய்கிறது. தோலும் அதன் கீழே உள்ள கொழுப்பும் தசையுறையிலிருந்து உரிந்து கழன்றுவிடுகின்றன. வெளியே பார்த்தால் தோல் முழுசாகவே இருக்கலாம். ஆனால் அடியிலிருந்து அதற்கு ரத்தம் கொண்டுவந்த மெல்லிய நாளங்கள் அறுந்திருக்கும்; இரண்டு மூன்று நாளில் அந்தத் தோல் கறுத்துச் செத்துப்போகும். இடுப்பெலும்பு வளையம் இரண்டு மூன்று இடங்களில் உடைந்திருக்கும். அந்த வளையத்துக்குள்தான் மூத்திரப்பை, மலக்குடல், பெண்களுக்குக் கருப்பை, கால்களுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள் எல்லாம் இருக்கின்றன. எலும்பு உடைந்து, காயம் வெளியே திறந்து, மலமும் அதில் கலந்துவிட்டால், ஒரு காலத்தில் இப்படி வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்துபோனார்கள். இன்று நிலைமை அவ்வளவு மோசமில்லை. பிழைக்கிறார்கள். பிழைத்தவர்களின் தொடை இடுக்கிலும் பிட்டத்திலும் கையை உள்ளே விடும் அளவுக்கு ஒரு பள்ளம் மிஞ்சுகிறது. அதை எதைக் கொண்டு மூடுவது என்பதுதான் இங்கே நம் கேள்வி.

முதலில் உயிர். 108 வருவதற்குள் பக்கத்தில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு போர்வையையோ வேட்டியையோ மடித்து, தொடையெலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் புடைப்புகளைச் சுற்றி இறுக்கிக் கட்ட வேண்டும். அரைஞாண் கட்டும் இடத்தில் கட்டினால் பயனில்லை, இன்னும் கீழே. முழங்கால்களையும் சேர்த்துக் கட்டிவிட்டால் விரிந்துபோன எலும்பு வளையம் கொஞ்சம் சுருங்கி, உள்ரத்தக்கசிவு குறையும். ஆளை உருட்டக்கூடாது, உட்கார வைக்கக்கூடாது. சேத்தியாத்தோப்பிலிருந்து பக்கத்துப் பெரிய மருத்துவமனை சிதம்பரத்தில், முன்பு ராஜா முத்தையா என்று எல்லோரும் அறிந்த, இன்று அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்ட மருத்துவமனை. அங்கே முடியாவிட்டால் புதுச்சேரி ஜிப்மர். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவர் யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கட்டுகிறது. அது நல்ல திட்டம். ஆனால் அந்த 48 மணி நேரம் உயிரைப் பிடித்து நிறுத்துவதற்கு. காயத்தை மூடும் வேலை அதற்குப் பிறகுதான் வருகிறது, பல வாரங்கள் நீள்கிறது. குடும்பங்கள் திணறுவது அந்த வாரங்களில்தான்.

அந்த வாரங்களில் என்ன நடக்கிறது? வயிற்றின் இடப்பக்கத்தில் பெருங்குடலை வெளியே கொண்டுவந்து மலத்தைப் பைக்குத் திருப்பிவிடுகிறார்கள். சிறுநீர்க்குழாய் கிழிந்திருந்தால் அடிவயிறு வழியாகவே மூத்திரப்பைக்கு டியூப். மலமும் மூத்திரமும் நனைக்கிற இடத்தில் எந்தத் தையலும் நிற்காது. பிறகு செத்த தசையை வெட்டி எடுக்கிறார்கள். ஒரே தடவையில் அல்ல. இரண்டு நாளைக்கு ஒருமுறை தியேட்டருக்குக் கொண்டுபோய், வெட்டினால் சிவந்து ரத்தம் கசிகிற சதை வரும்வரை. எது சாகும், எது பிழைக்கும் என்று முதல் நாளே யாராலும் சொல்ல முடியாது. நடுவில் காயத்துக்குள் ஸ்பாஞ்சு வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, உறிஞ்சும் இயந்திரத்தோடு இணைத்துவிடுகிறார்கள். 1997இல் அமெரிக்காவில் அர்ஜென்டா, மோரிக்வாஸ் என்ற இருவர் முறைப்படுத்தி எழுதிய வழி இது. வழக்கமான அழுத்தம் 125 மில்லிமீட்டர் பாதரசம். விலை உயர்ந்த இயந்திரம் இல்லாத இடங்களில், வார்டுச் சுவரில் இருக்கும் சக்‌ஷன் குழாயிலேயே இணைத்து அதே வேலையை நடத்திவிடும் மருத்துவர்கள் நம் நாட்டில் உண்டு. அழுக்கு நீர் வெளியேறுகிறது, காயம் சுருங்குகிறது, அடியில் சிவப்பான புதுச்சதை முளைக்கிறது.

சிறிய காயமாக இருந்தால் அதோடு முடிந்தது. மேலே ஒட்டுத்தோல் போட்டுவிடலாம். தொடையிலிருந்து சீவி எடுத்த மெல்லிய தோல் முதல் இரண்டு நாள் அடியில் ஊறும் நீரை உறிஞ்சியே உயிரோடு இருக்கும். பிறகு அதன் நாளமுனைகளும் அடிப்பரப்பின் நாளமுனைகளும் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். ஐந்தாறு நாளில் புது ரத்தம் ஓடத் தொடங்கும். ஆக, கீழே ரத்தம் இருந்தால்தான் மேலே தோல் பிடிக்கும். உறை உரிந்த வெற்றெலும்பின் மேல் பிடிக்காது. கதிர்வீச்சில் கெட்டிப்பட்ட வடுவின் மேல் பிடிக்காது. ஆழமான பள்ளத்தில் பிடித்தாலும் பள்ளம் பள்ளமாகவே இருக்கும்; அந்த மெல்லிய தோலின் மேல் ஒரு மனிதர் உட்கார முடியாது.

இங்கேதான் மடல் வருகிறது. மருத்துவமனையில் ஃபிளாப் என்பார்கள். தோல், கொழுப்பு, தேவைப்பட்டால் தசை ஆகியவற்றை அதற்குரிய தமனியோடும் சிரையோடும் சேர்த்துப் பெயர்த்து, அந்த ரத்தக்குழாய்க் காம்பை அறுக்காமலேயே பக்கத்துக் காயத்துக்குத் திருப்பி வைப்பது. சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்று அணைக்கட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. ஒட்டுத்தோல் என்பது நாற்று. நடுகிற வயலில் ஏற்கெனவே சேறும் தண்ணீரும் இருந்தாக வேண்டும். மடல் என்பது வாய்க்காலோடு சேர்த்து வயலையே தூக்கி வறண்ட மேட்டில் வைப்பது. மதகு பழைய இடத்திலேயே இருக்கிறது, வாய்க்கால் மட்டும் வளைந்து போகிறது, மேட்டுக்குத் தண்ணீர் கிடைத்துவிடுகிறது.

ரத்தத்தோடு இடம் மாற்ற வேண்டும் என்ற அறிவு நம் மண்ணில் பழையது. சுசுருத சம்ஹிதையில் கன்னத் தோலைத் திருப்பி மூக்கு அமைக்கும் முறை இருக்கிறது. லண்டனில் வெளியான ஜென்டில்மேன்ஸ் மேகசின் 1794 அக்டோபர் இதழில், பூனா பக்கம் நடந்த ஓர் அறுவையை விவரித்து ஒரு கடிதம் வந்தது. காவஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்குத் திப்புவுடனான போரில் மூக்கு அறுக்கப்பட்டிருந்தது. செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்கு நெற்றித் தோலால் மூக்கு அமைத்தார். அந்தக் கைவினைஞர் முதலில் மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கின் அளவுக்குப் பொருத்திப் பார்த்தார். பிறகு அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிலும் கோடு போட்டார். அந்தக் கோட்டில் தோலை அறுத்துக் கீழே திருப்பினார். இரு கண்களுக்கும் நடுவே ஒரு சிறு துண்டை மட்டும் அறுக்காமல் விட்டார். சுமார் 25 நாள் கழித்தே அதைத் துண்டித்தார். அதற்குள் மூக்கடியிலிருந்து புது நாளங்கள் தோலுக்குள் வளர்ந்திருக்கும். ரத்த ஓட்டத்தின் வரைபடம் எதுவும் கையில் இல்லாமல், எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று அவர் அறிந்திருந்தது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. இதைப் படித்த ஜோசப் கார்ப்யூ 1814இல் லண்டனில் அதே முறையில் அறுவை செய்து, 1816இல் நூலாக வெளியிட்டார். இன்றைய அறுவைக்கூடத்திலும், காயத்தின் மேல் ஒரு துணித்துண்டை வைத்து அளவு வெட்டி, அதைத் தொடையில் வைத்து மார்க்கர் பேனாவால் கோடு போடுகிறார்கள். மெழுகு போய்த் துணி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் மூக்கும் நெற்றியும் வேறு. தொடையும் கவட்டுப் பகுதியும் வேறு. முகத்தில் ரத்த ஓட்டம் ஏராளம். கீழே இறங்கினால், பெயர்க்கும் தோலின் நீளம் அதன் அகலத்தைவிடக் கூடக்கூடாது என்ற விதியைத்தான் பல தலைமுறை மருத்துவர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கூடினால் நுனி கறுத்துவிடும். எந்தத் தோலுக்கு எந்தக் குழாய் ரத்தம் தருகிறது என்று தெரியாதவரை அந்த விதியை மீற வழியில்லை. ஸ்ட்ராஸ்பர்கில் மருத்துவ மாணவராக இருந்த கார்ல் மான்ஷோ 1889இல் மனிதத் தோலின் தமனிகளை வரைந்து வெளியிட்டார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, கத்தியையும் கண்ணையும் மட்டும் நம்பி. பிரான்சில் மிஷேல் சால்மோன் 1936இல் எக்ஸ்ரே கொண்டு அதை விரிவாக்கினார். இரண்டு நூல்களும் நீண்ட காலம் அலமாரியிலேயே கிடந்தன. 1972இல் கிளாஸ்கோவில் மெக்ரிகரும் ஜாக்சனும், தொடை இடுக்கிலிருந்து பக்கவாட்டில் ஓடும் ஒரு தமனியின் போக்கிலேயே நீளமான மடலை எடுத்துக் காட்டினார்கள். அகலம், நீளம் என்ற பழைய கணக்கு அன்றோடு உடைந்தது. மெல்போர்னில் இயன் டெய்லரும் பாமரும் 1987இல், தசையைத் துளைத்துத் தோலுக்கு வரும், அரை மில்லிமீட்டருக்குக் குறையாத நாளங்கள் மனித உடலில் சராசரியாக 374 என்று எண்ணிச் சொன்னார்கள். அந்த 374இல் ஒவ்வொன்றும் ஒரு மடலுக்குக் காம்பு ஆகலாம். அடுத்த இரண்டே ஆண்டுகளில் ஜப்பானின் இசாவோ கொஷிமா தசையை விட்டுவிட்டு, துளைத்து வரும் அந்த ஒற்றை நாளத்தை மட்டும் நம்பி மடல் எடுத்தார்.

கவட்டுப் பகுதிக்கு இந்த வரைபடம் ஒரு நல்ல செய்தியைச் சொன்னது. மலமும் மூத்திரமும் வியர்வையும் சேரும் இடம் என்று எல்லோரும் அஞ்சிய அந்தப் பகுதிக்கு நாலாபுறமிருந்தும் ரத்தம் வருகிறது. முன்பக்கம் தொடைத் தமனியின் கிளைகள், உள்ளிருந்து புடெண்டல் தமனி, பின்னால் பிட்டத்துத் தமனிகள், மேலே அடிவயிற்றுத் தமனி. சுற்றிலும் எடுப்பதற்குச் சதையும் இருக்கிறது.

அதிகம் கைகொடுப்பது தொடையின் உட்பக்கத்தில் ஓடும் கிராசிலிஸ் என்ற மெல்லிய, நீண்ட தசை. கால்களை விரித்துத் தூக்கிக் கட்டி, இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து முழங்காலின் உட்புறம்வரை பேனாவால் ஒரு கோடு போடுகிறார்கள். தசை அந்தக் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் கிடக்கிறது. முழங்கால் பக்கம் சின்னக் கீறல், தசைநாண் தெரிகிறது, அதை இழுத்தால் மேலே தொடையில் தசை அசைகிறது, இதுதான் என்று உறுதியாகிறது. நாணை வெட்டிவிட்டு மேல்நோக்கிப் பிரித்துக்கொண்டே போனால், இடுப்பெலும்பிலிருந்து எட்டு பத்து சென்டிமீட்டர் கீழே தசைக்குள் நுழையும் தமனியும் இரண்டு சிரைகளும் தென்படும். அந்த இடத்தில் எல்லோர் கையும் மெதுவாகிவிடும். அங்கே ஒரு தவறான வெட்டு விழுந்தால் முழுத் தசையும் போச்சு. காம்பைத் தொடாமல் சுற்றிலும் விடுவித்து, தோலுக்கு அடியில் ஒரு சுரங்கவழி செய்து, தசையைக் காயத்துக்குள் இழுத்து நிரப்புகிறார்கள். காம்பு முறுகியிருக்கிறதா, சுரங்கவழி இறுக்குகிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். தொடையை உள்ளே இழுக்க வேறு பலமான தசைகள் இருப்பதால், இந்த ஒன்றை இழந்தவர் நடையில் குறை தெரிவதில்லை.

1989இல் சிங்கப்பூரில் வீ, ஜோசப் என்ற இருவர் எழுதிய முறை எனக்குத் தனிப்பட்ட விருப்பமானது. பிறவியிலேயே யோனி உருவாகாத பெண்களுக்காக அவர்கள் அமைத்த மடல் அது. இன்று உலகம் முழுக்கச் சிங்கப்பூர் மடல் என்றே பெயர். தொடை மடிப்பை ஒட்டி, 15 சென்டிமீட்டர் நீளம், 6 சென்டிமீட்டர் அகலம். தழும்பு மடிப்பிலேயே மறைந்துவிடும். தோலோடு சேர்ந்து அதன் உணர்வு நரம்பும் வருகிறது என்பதுதான் இதில் பெரிய விஷயம். இடம் மாறிய தோலுக்குத் தொடுவது தெரிகிறது. காயத்தை அடைத்தாகிவிட்டது என்பதோடு நிற்காமல், அந்த உடலில் வாழப்போகிறவரின் தாம்பத்தியத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்ட அறுவை இது. 1996இல் யீ, நிரஞ்சன் இருவரும் அதே சுற்றுவட்டாரத்தில் இதழ் இதழாக எடுக்கக்கூடிய மடல்களை விவரித்துத் தாமரை இதழ் மடல் என்று பெயரிட்டார்கள். பெண்ணுறுப்புப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு அது பெரிதும் பயன்படுகிறது.

விபத்தை வைத்து இந்த அத்தியாயத்தைத் தொடங்கினேன். ஆனால் வெளியே தெரியாமலேயே வந்து சேரும் காயங்களும் உண்டு. நம் மாவட்டங்களில் சர்க்கரை நோய் இல்லாத தெரு இல்லை. ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்கு விதைப்பையிலோ ஆசனவாய் ஓரத்திலோ சின்னக் கொப்புளம் வருகிறது. யாரிடம் காட்டுவது? மெடிக்கல் ஷாப்பில் ‘அந்த எடத்துல புண்ணு’ என்று தாழ்ந்த குரலில் சொல்லி ஒரு களிம்பு வாங்கிக்கொண்டு போகிறார். மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. காய்ச்சல் வந்து, வீக்கம் தொடைவரை பரவி, நாற்றம் அடித்த பிறகுதான் வீட்டாருக்குத் தெரிகிறது. பாரிஸ் மருத்துவர் ஃபூர்னியே 1883இல் விவரித்த அழுகல் நோய் இது. பல வகைக் கிருமிகள் கூட்டுச் சேர்ந்து தசையுறையின் போக்கிலேயே மணிக்கணக்கில் பரவும். அன்றைக்கே அறுத்து எடுக்காவிட்டால் உயிர் போகும்.

அறுத்த பிறகு மருத்துவ மாணவர்கள் அசந்துபோகும் காட்சி ஒன்று உண்டு. விதைப்பைத் தோல் முழுக்கப் போயிருக்கும். உள்ளே இரண்டு விதைகளும் பழுதில்லாமல் ரத்தச் சிவப்போடு தொங்கிக்கொண்டிருக்கும். காரணம் கருவறைக் காலத்திலேயே இருக்கிறது. விதைகள் வயிற்றில், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் உருவாகி, பிறகு கீழே இறங்குகின்றன. இறங்கும்போது தங்கள் தமனியையும் மகாதமனியிலிருந்தே கூட்டிக்கொண்டு வருகின்றன. மேலே மூடியிருக்கும் தோலுக்கு வேறு வழியாக ரத்தம். தோலின் ரத்தம் அடைபட்டுத் தோல் அழுகுகிறபோது விதைகள் தப்பிவிடுகின்றன. பிறகு அவற்றை மூட வேண்டும்: ஒட்டுத்தோல், அல்லது தொடைத் தோலுக்கடியில் தற்காலிகப் பை, அல்லது மேலே சொன்ன தொடை மடிப்பு மடல். எல்லாம் சாத்தியம்தான். ஆனால் முதல் நாள் கொப்புளத்தோடு வந்திருந்தால் ஒரு சின்னக் கீறலில் முடிந்திருக்கும். வெட்கத்தால் வளர்ந்த காயங்களை நம் மருத்துவமனைகள் எவ்வளவோ பார்த்துவிட்டன. இந்தப் பகுதியைப் பற்றிச் சத்தமாக, சாதாரணமாக, கண்ணைப் பார்த்துப் பேச நாம் பழகியாக வேண்டும். இந்த அத்தியாயத்தை எழுதத் தூண்டியதே அதுதான்.

புற்றுநோய்க் காயம் இன்னொரு விதம். ஆசனவாய்க்குப் பக்கத்தில் கட்டி வந்தால், 1908இல் லண்டன் மருத்துவர் எர்னஸ்ட் மைல்ஸ் வகுத்த வழியில் மலக்குடலையும் ஆசனவாயையும் சேர்த்தே எடுத்துவிட நேரும். பல பேருக்கு அதற்கு முன்பே கதிர்வீச்சு கொடுத்திருப்பார்கள். நோயாளிகள் ‘கரண்ட் வச்சாங்க’ என்பார்கள். அந்தக் கதிர் கட்டியைச் சுருக்குகிறது. கூடவே சுற்றியிருக்கும் சிறு தமனிகளின் உட்சுவரையும் தடிக்க வைத்து அடைக்கிறது. உள்ளே பெரிய வெற்றிடம், வெளியே ரத்தம் குறைந்த தோல். இழுத்துத் தைத்தால் சில நாளில் விட்டுப்போகும். அதனால் கதிர் படாத இடத்திலிருந்து சதை கொண்டுவருகிறார்கள். வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் ரெக்டஸ் தசையைத் தோலோடு எடுத்து, அடிவயிற்றுத் தமனியைக் காம்பாக வைத்து, இடுப்புக் குழிக்குள்ளேயே இறக்கிக் கீழே கொண்டுவந்து தைக்கிறார்கள். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை 2005இல் வெளியிட்ட கணக்கில், கதிர்வீச்சுக்குப் பிறகு வெறுமனே தைத்தவர்களில் 44 சதவீதம் பேருக்குக் காயச் சிக்கல் வந்தது. இந்த வயிற்று மடல் வைத்தவர்களில் சுமார் 16 சதவீதம். சிறிய ஆய்வுதான். ஆனால் ரத்தம் உள்ள சதை என்ன செய்யும் என்பதை அது தெளிவாகக் காட்டியது.

மூன்றாவது, படுக்கைப்புண். பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுந்தவர்கள், மொட்டைக் கிணற்றில் விழுந்தவர்கள், கட்டட வேலையில் சாரம் சரிந்து முதுகெலும்பு உடைந்தவர்கள் நம் கிராமங்களில் நிறைய. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்தால் நமக்கு மரத்துப்போகும், நெளிவோம்; அவர்களுக்கு அந்த எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. தந்துகி நாளங்களில் உள்ள அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம்தான். எலும்புக்கும் நாற்காலிக்கும் நடுவே அகப்பட்ட சதையில் அதைவிடப் பல மடங்கு அழுத்தம் விழுகிறது. மணிக்கணக்கில் நீடித்தால் சதை எலும்போரத்திலிருந்தே சாகத் தொடங்குகிறது. வெளியே ஒரு ரூபாய் அளவு கறுப்புத்தான் தெரியும். உள்ளே ஒரு முஷ்டி அளவு குழி இருக்கும்.

இந்த இடத்தில் வேலூர் சி.எம்.சி.யின் மேரி வர்கீஸைச் சொல்லாமல் நகர முடியாது. 1954இல் அவர் பயணம் செய்த வாகனம் கவிழ்ந்து முதுகுத்தண்டு அடிபட்டது. இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. இளம் மருத்துவர். அங்கே அறுவை மருத்துவராக இருந்த பால் பிராண்ட் அவரிடம், உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய அறுவை இருக்கிறது என்றார். சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைகளை மேரி வர்கீஸ் செய்தார். பிறகு பெர்த்திலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் பத்மஸ்ரீ. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்னொரு சான்று. 1975இல் கடற்படைத் தேர்வின்போது கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். முதுகுத்தண்டு முறிந்த பிறகும் பல்லாண்டு வாழ்ந்து, உழைத்து, மற்றவர்களுக்கு நிறுவனம் கட்டிக்கொடுத்தவர்கள் இவர்கள். அப்படி வாழ்வதற்கு அடிப்படை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்த கைகள். மருத்துவ வரலாறுகளில் அந்தக் கைகளுக்குப் பெயர் போடுவதில்லை. பெரும்பாலும் அம்மா, மனைவி, அக்கா.

புண் வந்துவிட்டால் பிட்டத்து மடலோ பின்தொடை மடலோ வைக்கலாம். அறுவை நன்றாகவே நடக்கும். அதே நாற்காலியில், அதே மரப்பலகையில் திரும்பப் போய் உட்கார்ந்தால் மடலும் அதே இடத்தில் சாகும். அதனால் இந்த நோயாளிகளுக்கு மடல் எடுக்கும்போதே மருத்துவர்கள் அடுத்த மடலுக்கு இடம் விட்டுத்தான் கோடு போடுகிறார்கள்.

எந்த வகை மடலானாலும் முதல் இரண்டு மூன்று நாள் அதன் தலையெழுத்தை எழுதுவது நைட் டூட்டி நர்ஸ். மணிக்கொருமுறை டார்ச் அடித்துப் பார்க்கிறார். விரலால் அழுத்தி எடுக்கிறார். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவந்தால் நல்லது. தொட்டால் சில்லென்று, வெளுத்தே கிடந்தால் தமனி அடைபட்டிருக்கிறது. நீலம் பூத்து, விரலை எடுத்த மாத்திரத்தில் நிறம் திரும்பினால் உள்ளே வந்த ரத்தம் வெளியேற வழியில்லை, சிரை அடைப்பு. சந்தேகமாக இருந்தால் ஊசிமுனையால் ஒரு குத்து. செஞ்சிவப்பாகத் துளி வந்தால் மடல் உயிரோடு இருக்கிறது, கருஞ்சிவப்பாகக் குபுக்கென்று வந்தால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். பேனா அளவுள்ள டாப்ளர் கருவியை வைத்தால் தமனியின் ஓசை ‘உஸ்... உஸ்...’ என்று கேட்கும். அந்த ஓசையை நோயாளிக்கும் கேட்க வைக்கிற நர்ஸ்கள் இருக்கிறார்கள். பயத்தில் கிடக்கிறவருக்கு அது பெரிய ஆறுதல். அடைப்பைச் சில மணி நேரத்துக்குள் கண்டுபிடித்தால் தியேட்டருக்குத் திரும்பக் கொண்டுபோய்க் காம்பை விடுவித்து மடலைக் காப்பாற்றிவிட முடியும். காலை ரவுண்ட்ஸ்வரை விட்டுவிட்டால் முடியாது.

பிறகு படுக்கை. மடலின் மேல் எடை விழாமல், கவிழ்ந்தோ பக்கவாட்டிலோ, பொதுவாக மூன்றிலிருந்து ஆறு வாரம். பீடி, சிகரெட் கூடவே கூடாது. நிகோடின் நாளங்களைச் சுருக்குகிறது. சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் தாராளமாகச் சேர வேண்டும். பத்தியம் என்ற பெயரில் வெறும் கஞ்சியைக் கொடுத்து உறவினர்கள் மெலிய வைத்துவிடுகிறார்கள். தையல் பிடிக்க உடம்பில் சத்து வேண்டும். காயம் முழுக்க ஆறி, ஆசனவாய்த் தசை வேலை செய்வது உறுதியானால் சில மாதம் கழித்து வயிற்றுப் பையை எடுத்துக் குடலைத் திரும்பச் சேர்க்கலாம்.

உட்காருவதற்கும் கணக்கு இருக்கிறது. முதல் நாள் மெத்தென்ற குஷன் மேல் 15 நிமிடம். உடனே படுத்து, தையலிட்ட இடத்தை வீட்டார் யாராவது பார்க்க வேண்டும். தனியாக இருப்பவர் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கீழே பிடித்துத் தானே பார்க்கலாம். சிவப்பு அரை மணி நேரத்தில் மறைந்தால் மறுநாள் கூடுதலாகக் கால்மணி நேரம். மறையாவிட்டால் அன்றோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.